சிவப்பு ஸ்வெற்றர்

கொட்டாஞ்சேனையில் வாசுகி தன் அலுமாரியைத் திறந்ததும், பூச்சி உருண்டை மணத்தோடு அந்தச் சிவப்பு ஸ்வெற்றர் தெரிந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு போன கிழமைதான் அவளைக் கண்டேன். அவசரத்தில் விலாசம் மட்டும் தந்தாள்.

சண்டைக் காலத்தில், கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கை முழுக்கக் கனடா விசாவுக்குக் காத்திருந்த குடும்பங்கள். என்னோடு ரியூசன் வகுப்புக்கு வரும் பெட்டைப் பிள்ளைகள், கனடாக் குளிருக்கென்று வாங்கிய ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டே வருவார்கள். வாசுகியுடையது சிவப்பு, முத்துப்போல வெள்ளைப் பொத்தான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். எங்களைக் கூப்பிட வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. ஆனாலும் "நாங்களும் போறம்" என்று சொல்லிவிட்டு, அம்மாவை அரித்து ஒரு மண்நிற ஸ்வெற்றர் வாங்கினேன்.

சித்திரை வெக்கையில் எழுதும் கொப்பியில் வியர்வை சொட்டும். "என்ன பிள்ளையள், எல்லாருக்கும் காய்ச்சலோ?" என்பார் மாஸ்டர். ஒருத்தியும் கழற்றமாட்டாள்.

ஒருநாள் வாசுகி வரவில்லை. கனடாவுக்குப் பறந்துவிட்டாள் என்று நினைத்து இத்தனை வருடம் எரிந்தேன்.

கனடாவிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள் என்ற நினைப்பில், "எப்படியடி கனடா?" என்று இப்போது கேட்டேன்.

"ஆர் போனது? வாடகை குறைவெண்டு இஞ்சை, கொட்டாஞ்சேனைக்கு வந்தனாங்கள். நீங்கள் எல்லாரும் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு வந்தனியள், அதுதான் நானும் போட்டனான்."

என் மனம் ஆறியிருக்க வேண்டும். இரண்டு பேருமே பொய்க்குத்தான் வாங்கியிருக்கிறோம். அந்தப் பொய்யிலும் அவளுடையதுதான் வடிவு.