தாமதம் கூடியது என்று சொன்ன அறிக்கை

பேருந்துக் கழகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் 'ஓட்டை அக்கா' என்றால் தெரியாதவர் இல்லை. பெயர் கேட்க ஒரு மாதிரிதான், காரணம் கௌரவமானது. அவர் எழுதும் மாத அறிக்கையில் எண்கள் இருக்காது. எண்கள் வந்து உட்கார ஓட்டைகள்தான் இருக்கும்.

அவர் வருவதற்கு முன்பு, போன மாதக் கோப்பைத் திறந்து எண்களை மட்டும் மாற்றுவார்கள். வேலை முடிந்தது. அப்படித்தான் மண்டை பிளக்கும் வெயில் மாதத்தில் 'கனமழையால் பேருந்துகள் தாமதமாயின' என்ற அறிக்கை மேலே போனது. இயக்குநர்கள் அதைப் பாராட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

அக்கா அந்த வழக்கத்துக்கு முழுக்குப் போட்டார். எழுத்து, கணக்குப் போடும் கணினி நிரல், வரும் விடை, எல்லாம் ஒரே கோப்பில். பொத்தானை அழுத்தினால் கணினி வண்டிகளின் நேரப் பதிவைப் படித்து, கணக்கிட்டு, வரைபடம் போட்டு, வாக்கியங்களில் எண்ணை நிரப்பும். தாமதம் 'குறைந்தது' என்பதா 'கூடியது' என்பதா என்பதையும் அதுவே முடிவு செய்யும். ஒவ்வொரு விடைக்கும் மேலே அதன் நிரலும் அச்சாகும்.

"சமையலறையத் தூக்கிட்டு வந்து வரவேற்பறையில வெச்சிருக்கியேம்மா!" என்று அலுத்துக்கொண்டார் மேலாளர்.

"என்ன போட்டுக் கிளறினேன்னு சாப்பிடறவங்களுக்குத் தெரியட்டும் சார்."

இந்த நேர்மையெல்லாம் அடுத்தவர் வேலையைப் பற்றி எழுதும்வரை சுகம்தான். மருத்துவமனைத் தடத்துக்கு அக்காவே ஒரு கால அட்டவணை வகுத்தார். நன்றாக ஓடினால் திட்டப் பிரிவின் தலைமைப் பதவி அவருக்கு. ஓட்டுநர்களோ முதல் நாளிலிருந்தே கரித்துக்கொட்டினார்கள்.

இயக்குநர் கூட்டத்தன்று காலை அந்த மாதப் பதிவு வந்து சேர்ந்தது. பொத்தானை அழுத்தினார். 'புதிய கால அட்டவணையால் தாமதம் கூடியது' என்றது அவருடைய சொந்த அறிக்கை.

மேலாளர் பதறிப்போனார். "ஒரே ஒரு சொல்லும்மா. கையால மாத்திடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மாத்தலாம் சார். மேலயே நிரல் அச்சாகியிருக்குமே, பல்ல இளிக்காதா?"

"அப்ப நிரல மறைச்சுடு!"

மறைக்க ஒரு சொல் அடித்தால் போதும், அவருக்குத் தெரியாததா? விரல்கள் விசைப்பலகை வரை போகத்தான் செய்தன. அவர் ஒன்றும் துறவி இல்லை. அப்புறம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே, அறிக்கையை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

கூட்டம் அட்டவணையைக் கிடப்பில் போட்டது. தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. அவர் அதுவரை எந்த அட்டவணையும் வகுத்ததில்லை. ஆகவே குறை சொல்ல வழியில்லை.

மாலையில் பணிமனைச் சுவரில் அறிக்கையை ஒட்டினார்கள். அக்காவை அதிகம் திட்டியவரான ஓட்டுநர் சங்கத் தலைவர் அதைப் படித்துவிட்டு நேராக அக்காவின் அறைக்கு வந்தார்.

"ஏம்மா, நாங்க சொன்னா கேக்க மாட்ட, உன் மிஷினு சொன்னாத்தான் கேப்பியா?"

"சிரிங்கண்ணே. இன்னிக்கு உங்க நாளு."

"சிரிக்க வரல. தன் தப்பத் தானே அச்சடிச்சு ஒட்டற ஆளாச்சே, இன்னொரு அட்டவணை போட்டுக் குடுத்தா ஓட்டிப் பாக்கலாம்னு பசங்க சொல்றாங்க. எப்ப தருவ?"

அக்கா ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். பிறகு புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தார்.

"முதல்ல நீங்க திட்டினதையெல்லாம் தடம் வாரியாச் சொல்லுங்கண்ணே. பதிவுல சேத்துக்கறேன்."

"உன் கணினி தாங்காதும்மா" என்றபடி தலைவர் உட்கார்ந்தார்.