அப்பா போட்ட அரைநாள் லீவு

அப்பா போன பிறகு டாக்குரியாவில் அவர் பெயரில் இருந்த ஃபிளாட்டை எங்கள் பெயருக்கு மாற்ற மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனோம், நானும் தங்கையும். அவள் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தவள். நான் எட்டாவதோடு நின்றவன். கடைசிவரை அப்பாவோடு அந்த ஃபிளாட்டில் இருந்தவனும் நான்தான். என் பெயர் ஏறாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

பயந்தபடியே ஆயிற்று. பத்திரத்தில் இருப்பவர் ஒருவர், என் வாக்காளர் அட்டையில் தகப்பனாராக இருப்பவர் வேறொருவர் என்றார் குமாஸ்தா. தங்கையின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அக்கா என்கிற மரியாதையோடு, தீதி, உங்களுடையது சரி என்று அவளுக்கு நாற்காலி காட்டினார். நான் நின்றேன்.

தப்பு அம்மாவுடையது. அப்பாவுக்கு வைத்தது அவரைப் பெற்ற தாத்தாவின் பெயரையே. மாமனார் பெயரை வாயால் சொல்வதாவது என்று அம்மா யாரிடமும் அப்பாவை வீட்டில் கூப்பிடும் பெயரைத்தான் சொல்வாள். என்னைப் பள்ளியில் சேர்த்ததும் அவள்தான், அட்டைக்கு விவரம் கேட்டு வந்தவர்களிடம் பேசியதும் அவள்தான். தங்கையைச் சேர்க்க மட்டும் அப்பா துறைமுக ஆபீஸில் அரைநாள் லீவு போட்டார். பள்ளிப் படிவத்தில் தன் முழுப் பெயரைத் தானே எழுதினார். அந்த அரைநாள் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று தங்கை பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும் என்றார்கள். அலிப்பூர் கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவர் முன்னால் உட்கார்ந்தோம். நான் அப்பாவின் பிள்ளைதான் என்பதற்கு, என்னைவிட ஒன்பது வயது சின்னவள் சாட்சி. பேனாவை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"என்னண்ணா, சின்ன வயசுல என்னை அடிச்சதுக்கெல்லாம் இன்னிக்குத்தான் வசமா மாட்டினே. உன்னை யாருன்னே தெரியாதுன்னு எழுதிடட்டுமா?"

"முதல்ல கையெழுத்தப் போடு," என்றேன். போட்டாள்.

சில வாரங்களில் ஃபிளாட்டின் பெயர் மாற்றிய காகிதம் வந்தது. அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே. மூத்தவன் நானல்லவா? மனசு கேட்காமல் அவளுக்கு ஃபோன் போட்டேன்.

"மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? வீட்டுல இருக்கறது நீதானேண்ணா," என்றாள்.

மேலே இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

என் பெயருக்குப் பக்கத்திலும் அப்பாவின் முழுப் பெயர் இருந்தது, முதல் தடவையாக. நாலைந்து முறை படித்துப் பார்த்தேன். எனக்கு அதை மெஷின் அடித்திருக்கிறது. அவளுக்கு அப்பாவே எழுதிக் கொடுத்தார்.