கடைசி உருண்டை

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா என்னைத் தன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து விலக்கி வைத்தாள். அதுவரை, பகலில் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்து அவள் சோறு பிசைந்தால் கடைசி உருண்டை எனக்குத்தான். அதற்கு முன் நான் தட்டு நிறையச் சாப்பிட்டிருந்தாலும் அதை விடமாட்டேன்.

கொடகவெலப் பக்கத்து விகாரையில் நடந்த இரத்ததான முகாமுக்கு அம்மா சும்மாதான் போனாள். கொஞ்ச நாளில், உங்கள் இரத்தத்தை எடுக்க முடியாது, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று போன் வந்தது. ஈரலில் ஹெபடைட்டிஸ் பி கிருமியாம். தினமும் ஒரு மாத்திரை, விடாமல் போட வேண்டுமாம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்குக் காய்ச்சல் இல்லை, கண் மஞ்சளாகவில்லை. வழக்கம்போல மலையேறிக் கொழுந்து எடுத்தாள், வழக்கம்போல என்னைத் திட்டினாள். வியாதிக்காரர் என்றால் படுத்திருக்க வேண்டாமா?

வியாதியை விட அந்தத் தட்டுதான் என்னைக் குழப்பியது. அம்மா அதைத் தனியாகக் கழுவி, எனக்கு எட்டாத பலகையில் வைத்தாள். சாப்பாட்டால் ஒட்டாது, பிளேடும் பல் பிரஷும் தனியாக இருந்தால் போதும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ் சிங்களத்தில் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மாவும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து தட்டில் கை வைத்தேன், தட்டிவிட்டாள்.

"மிஸ்தான் ஒட்டாதுன்னு சொன்னாங்களேம்மா."

"அவங்க சொல்லுவாங்க. ஒனக்கு ஒண்ணு வந்துட்டா நா என்னாடி செய்வேன்?"

நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். சீனி திருடித் தின்றதைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு வீட்டிலுள்ளவர்களையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள். எனக்கு இருந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கொரு முறை இரத்தம் பார்த்தால் போதும், பயப்படாதீர்கள் என்றார். இன்றும் நான் அப்படித்தான் போய்வருகிறேன். அன்று அம்மா பஸ்ஸில் வழி முழுக்க யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். நான் பணிஸ் தின்றுகொண்டு வந்தேன்.

மதியம் தாண்டி வீட்டுக்கு வந்ததும் அம்மா பலகையிலிருந்து தன் தட்டை எடுத்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுப் பிசைந்து, "வா பாப்பா" என்று கூப்பிட்டாள். கடைசி உருண்டை இல்லை, முதல் உருண்டையே எனக்கு. அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"காரமாம்மா?" என்று கேட்டேன். தலையாட்டினாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மாவுக்கு என்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது, அதுவும் இந்த வியாதி வந்ததால்தான் என்று எண்ணிக்கொண்டேன். கை கழுவிவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, "சாமி, இது என்னைய விட்டுப் போகவே கூடாது" என்று சத்தமாகக் கும்பிட்டேன். பின்னால் வந்த அம்மா என் வாயை இறுகப் பொத்தினாள். இந்த நல்ல வேண்டுதலை அவள் ஏன் தடுத்தாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.