நர்ஸம்மா கலக்கிய தண்ணீர்

எண்பதுகளில், திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்துபோன நர்ஸம்மா ஒல்லியானவர். வெள்ளைச் சேலையின் கரையில் எப்போதும் கரிசல் மண் ஒட்டியிருக்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைத் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்.

அக்காளின் ஒன்றரை வயது மகனுக்கு வயிற்றோட்டம் கண்டு கண்கள் உள்வாங்கிவிட்டன. அக்காள் அவனுக்குத் தண்ணீரே காட்டவில்லை. எங்கள் ஊரில் அதுதான் வழக்கம்.

“வயித்தால போற பிள்ளைக்குத் தண்ணி குடுத்தா இன்னும்ல போகும்?” என்றாள்.

“போனதுக்கு ஈடா ஊத்தணும் தாயி” என்றார் நர்ஸம்மா.

வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். என் பேச்சுதான் எடுபடும். “டவுனுக்குப் போயி குளுக்கோஸ் ஏத்திக்கிறோம்” என்றேன்.

“போங்க தம்பி. வழிநெடுக இத ஊட்டிக்கிட்டே போங்க” என்று ஒரு பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் நான் அந்தப் பாட்டிலின் மூடியைத் திறக்கவே இல்லை. அருப்புக்கோட்டை வருவதற்குள் பிள்ளை அக்காள் மடியிலேயே அடங்கிவிட்டான்.

மூன்றாம் நாள் வந்த நர்ஸம்மா என்னைத் தனியே அழைத்தார்.

“வழியில குடிச்சானா தம்பி?”

“குடிச்சான்” என்றேன்.

“அப்ப நான் கலக்குனதுலதான் ஏதோ கொற” என்றார்.

அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுமாதமே அவருக்கு மாற்றலாகிவிட்டது. எந்த ஊரில் இன்னும் தன் கையைச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறாரோ, தெரியவில்லை.