காற்று நின்ற அரை மணி நேரம்

அறுபதுகளில் ஒரு மார்கழி மாதம். அப்போது நான் சரவணையிலிருந்து மாற்றலாகிப்போய், நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தாழமுக்கம், பருவக்காற்று, சூறாவளி எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

அன்று காலையிலிருந்தே வடக்குக் காற்று உரத்துக்கொண்டு வந்தது. மத்தியானம் வீட்டுக் கூரைகள் பறக்கத் தொடங்க, அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் வந்து ஒடுங்கிவிட்டார்கள். பக்கத்தில் பிள்ளைகள் அழுவதுகூடக் கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல்.

பின்னேரம் மூன்று மணியளவில் காற்று நின்றது. குறையவில்லை, ஒரேயடியாக நின்றது. காது அடைத்துக்கொண்டது. தலைக்கு மேலே வெளிர்நீல வானம். சுற்றிவர மதில் கட்டினதுபோலக் கரிய முகில்.

எனக்குப் பக்கத்தில் மாடு வளர்க்கும் ஒருவர் மனைவியோடு இருந்தார். மனைவி ஒரு பிள்ளையைத் தேற்ற எழும்பிப் போன நேரம் மெல்லக் கேட்டார்:

"மாஸ்டர், காற்று முடிஞ்சுதோ? மாடுகளைக் கட்டினபடி விட்டிட்டு வந்தனான்."

"ஓம் அண்ணை, முடிஞ்சுது. போய் அவிட்டு விட்டிட்டு வாங்கோ" என்றேன்.

அவர் போனபிறகு நானும் முற்றத்துக்கு வந்தேன். நிலமெல்லாம் கடற்பறவைகள். நடந்து கிட்டப் போயும் ஒன்றுகூடப் பறக்கவில்லை. அலகைத் திறந்தபடி, சத்தமில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இதுகள் எப்படி இங்கே வந்தன என்று யோசித்தபோதுதான், வகுப்பில் எத்தனையோ முறை நானே சொன்ன சொல் ஞாபகத்துக்கு வந்தது: சூறாவளியின் கண். சுழலின் நடுவே காற்றே இல்லாத அந்த வட்டத்துக்குள்தான் நாங்களும், அகப்பட்டுக்கொண்ட இந்தப் பறவைகளும் நிற்கிறோம். மற்றப் பாதி இனித்தான் வரும், அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து.

கத்திக்கொண்டு ஓடினேன். அவர் கடைசி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதி வழி வருவதற்குள் தெற்கே இரைச்சல் எழும்பியது.

"மாஸ்டர், இனி ஓட ஏலாது!"

ஒரு கல்வேலியின் வடக்குப் பக்கம் இருவரும் குப்புற விழுந்தோம். வேலியின் மேற்கற்கள் சரிந்து அவருடைய காலில் விழுந்தன. அவர் அலறினது எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

இருட்டுகிற நேரம் காற்றுத் தணிந்தபிறகு அவரைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தேன். மனைவி அழுதபடி, "ஆர் உங்களைப் போகச் சொன்னது?" என்று கேட்டா.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் போனனான். மாஸ்டர் வந்திராட்டி நான் இல்லை."

அந்த அக்கா என்னுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நொண்டிக்கொண்டுதான் நடந்தார். நான்தான் அவரைக் காப்பாற்றினேன் என்று ஊரே சொன்னது. அன்று அந்த நன்றியை வாங்கிக்கொண்ட கைகள் எனக்கு இன்றைக்கும் கூசுகின்றன.