கழுத்துக்கு ஒரு கேமரா

கேமரா விற்கிற வேலைக்கு லென்சைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, மனிதர்களின் கழுத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும்.

கவுன்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் எனக்கு வேலை. கீழே மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி. மாடியில் டிவி, ஃபிரிட்ஜ், அவற்றுக்கு நடுவில் ஒரு கண்ணாடி அலமாரி. அந்த அலமாரிக்குப் பொறுப்பு நான். அதில் இரண்டு ஜாதி கேமராக்கள் இருக்கும். பெரியது டி.எஸ்.எல்.ஆர்.; லென்சைக் கழற்றி மாட்டலாம், கழுத்தில் தொங்கவிட அகலமாக ஒரு வார் உண்டு. சின்னது சட்டைப் பையில் அடங்கிவிடும், மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு மட்டும்தான். எங்கள் பக்கத்து ஜனங்கள் பெரியதைக் 'கழுத்து கேமரா' என்பார்கள். சின்னதை 'சோப்பு டப்பா' என்பார்கள். இந்த இரண்டு பெயர்களைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யார் வந்தாலும் எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள், எங்கே வைத்து எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்பேன். பதிலைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சின்னதே போதும் என்று தெரிந்துவிடும். மனசில் இருப்பதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. முதலாளிக்கு என்னிடம் பிடிக்காததும் அதுதான். "இன்னொரு தபா உன் வாயில சின்னது போதும்னு வந்துச்சு, உன்ன மிக்சிக்கு மாத்திடுவேன்" என்று எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தார். எனக்கு அந்த அலமாரி வேண்டும். கேமரா பெட்டிக்குள் வருகிற கையேடுகளை எல்லாம் படித்து, யாரும் சொல்லித் தராமல் நானாகக் கற்றுக்கொண்ட வேலை அது. அதை எப்படிக் காப்பாற்றிக்கொண்டேன் என்ற லட்சணத்தைக் கேளுங்கள்.

தட்டு நிறைய வேண்டும்

ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் விளைகிற நிலம் வைத்திருப்பவர் ஒருவர். தங்கையை எங்கள் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார். தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீரோடு ஒரு கேமராவும் வைக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணையே கையோடு அழைத்து வந்திருந்தார். நல்ல மாமன் என்று நினைத்துக்கொண்டேன். எதைம்மா எடுக்கப் போகிறாய் என்று பெண்ணைக் கேட்டேன். பழவேற்காடு ஏரிக்கு வருகிற பூநாரைகளை எடுக்க வேண்டும் என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் கிடைப்பது அபூர்வம். பெரியதோடு வருகிற லென்சில் தூரத்துப் பறவை எள்ளு மாதிரிதான் விழும். நான் காட்டிய சின்னதில் ஜூம் பல மடங்கு அதிகம். ஜன்னல் வழியாக எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த காக்காவை எடுத்துக் காட்டினேன், அதன் கண் தெரிந்தது. பெண்ணுக்கு அதைக் கீழே வைக்க மனசே இல்லை.

மாமன் இரண்டு பெட்டிகளையும் கையில் வாங்கிக்கொண்டு, "ஒரு தட்டு இருந்தா குடும்மா" என்றார். கீழே கிரைண்டருக்கு இலவசமாகக் கொடுக்கிற எவர்சில்வர் தட்டு ஒன்று மேலே வந்தது. சின்னப் பெட்டியை வைத்துப் பார்த்தார், அது ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பெரிய பெட்டியை வைத்தார், தட்டு நிறைந்துவிட்டது. வாரை மட்டும் வெளியே எடுத்துத் தட்டு விளிம்பில் தொங்கவிட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சபையில் அதை ஒரு நிமிஷம்தான் பார்ப்பார்கள், காலம் பூராவும் வைத்திருக்கப் போவது இவள்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். பெண்ணும் தன் பங்குக்கு, "எனக்குச் சின்னதே போதும் மாமா" என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "உனக்குப் போதும் கண்ணு. தட்டுக்குப் போதாதே."

கழற்றுகிற வசதி

தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. எங்கே எண்ணெய் கசிகிறது, எந்தப் படியில் கைப்பிடி ஆடுகிறது என்று படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய வேலை. ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுக்க வேண்டும், சுற்றிலும் கரித்தூள் பறக்கும் என்று அவரே சொன்னார். அப்படியானால் சின்னதைத் தவிர வேறு எதுவும் ஆகாது என்றேன். ஆடிட்டுக்கு வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம், அவர்கள் எதிரில் சோப்பு டப்பாவோடு நிற்க முடியாதாம். பெரியதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சீக்கிரமே திரும்பி வந்தார். எந்தப் படம் எடுத்தாலும் அங்கங்கே கறுப்புப் புள்ளி. விசாரித்ததில், உலைக்குப் பக்கத்திலேயே நின்று லென்சைக் கழற்றுவது, உள்ளே ஒரு தடவை வாயால் ஊதுவது, திரும்ப மாட்டுவது என்று வழக்கமாக வைத்திருக்கிறார். அவரிடம் வேறு லென்சும் கிடையாது. கழற்றியதையே மாட்டியிருக்கிறார். கரித்தூள் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு எதற்கு சார் கழற்றினீர்கள் என்று கேட்கும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு என்னைவிடக் கோபம். "கழட்டற வசதிக்குத்தானேமா அவ்ளோ குடுத்து வாங்கினேன். கழட்டக் கூடாதுன்னா நான் சோப்பு டப்பாவே வாங்கினு போயிருப்பேனே."

ஒரு ஆம்பளை வார்த்தை

இவர் எளாவூர்க்காரர், சொந்தமாக லாரிகள் ஓடுகின்றன. செக்போஸ்டுக்கு வரும்போது தார்ப்பாய் கட்டு எப்படி இருந்தது, சரக்கு எப்படி இருந்தது என்று படம் வைத்துக்கொண்டால் பின்னால் பேஜாரு இல்லை என்றார். நியாயமான தேவை. வரிசையில் நிற்கிற லாரியைத் தூரத்திலிருந்தே நம்பர் தெரிய எடுக்க வேண்டும், அதனால் சின்னதை எடுத்து வைத்தேன். இதில்தான் ஜூம் அதிகம் என்றேன். "இன்னாம்மா வெளையாடறியா? சின்னதுல எப்பிடி பெருசா தெரியும்?" என்றார். இரண்டையும் கையில் கொடுத்து, பஜார் கோடியில் நின்ற ஷேர் ஆட்டோவின் நம்பரைப் படிக்கச் சொன்னேன். சின்னதில் படித்தார். பெரியதில் படிக்க முடியவில்லை. கண்ணால் பார்த்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

என் தலைக்கு மேலாக எட்டி, ஃபிரிட்ஜ் செக்‌ஷனில் நின்ற பாஸ்கரை அழைத்து, "தம்பி, நீ சொல்லுப்பா, எது நல்லது?" என்று கேட்டார். பாஸ்கர் நல்லவன்தான், ஆனால் கேமராவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அது ஃபிரிட்ஜ் இல்லை என்பது மட்டும். அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், "பெருசுதாண்ணா ஸ்ட்ராங்கு" என்றான். பில் போடப்பட்டது. நான் சின்னதைத் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைத்ததைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். போகிறபோது சமாதானம் சொன்னார்: "நீ சொன்னது கரெக்டாத்தான் இருக்கும்மா. இருந்தாலும் ஒரு ஆம்பளைய ஒரு வார்த்தை கேட்டுக்கினேன், அவ்ளோதான்."

கோத்துக் கொடுங்க

இது எல்லாக் கடையிலும் நடப்பது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் பையன் ஒருவன் வந்து, நாஷ்டா நேரத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இரண்டு கேமராக்களையும் பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "யோசிச்சு வர்றேன்கா" என்று போனான். யோசித்து ஆன்லைனில் வாங்கிக்கொண்டான். அதைச் சொல்லத் திரும்பவும் என்னிடமே வந்தான், பெட்டியோடு. "இந்த வாரு எப்பிடி கோக்கறதுன்னு தெரியலக்கா. உங்கள விட்டா எனக்கு யாரத் தெரியும்?"

எஸ்தர்

எஸ்தருக்குத் தேர்வாய் கண்டிகையில் வேலை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள், இவள் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். ஷிப்ட் முடிந்து அந்த நீலச் சட்டையோடு நேராகக் கடைக்கு வந்தாள். உடன் வேலை செய்கிற பெண்களின் வளைகாப்பு, குழந்தைகளின் ஞானஸ்நானம் என்று போனில் படம் எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறாள். அதைப் பார்த்து ஒரு வீட்டில் தங்கள் மகள் கல்யாணத்தையே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் ஆர்டர். இது நன்றாக வந்தால் அடுத்தது வரும், வராவிட்டால் லைன்தான் கதி என்று சொல்லிவிட்டு, "எல்லாரும் சின்னதே போதும்னாங்கக்கா" என்றாள். போனில் இருந்த படங்களைக் காட்டச் சொன்னேன். சரியான நொடியில் எடுத்த படங்கள். குழந்தை நெற்றியில் தண்ணீர் விழுந்து அது முகத்தைச் சுளிக்கிறது, பக்கத்தில் அம்மாவுக்கும் அதே சுளிப்பு. ஆனால் கோயில் ஹாலில் ரெண்டு ட்யூப்லைட் வெளிச்சம்தான், முகமெல்லாம் மணல் கொட்டியது மாதிரி இருந்தது. அந்த வெளிச்சத்தில் சின்னதும் தடுமாறும், அதன் ஃபிளாஷ் பாதி ஹாலுக்குக்கூடப் போய்ச் சேராது. இந்த அலமாரிக்கு வந்த பிறகு முதல் தடவையாக, மனசார, இவளுக்குப் பெரியதுதான் வேண்டும் என்று எடுத்து வெளியே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி மாடிக்கு வந்தார். கேமராவைப் பார்க்கவில்லை, நீலச் சட்டையைப் பார்த்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஆனால் அவள் காதில் விழுகிற மாதிரியே, "இவங்கல்லாம் கேப்பாங்க, வாங்க மாட்டாங்க. டிஸ்ப்ளேல ஒரு சின்னது ரொம்ப நாளா கீதே, அத்தக் காட்டி அனுப்பு" என்றார். இத்தனை நாள் பெரியதைத் தள்ளு தள்ளு என்று என் பிராணனை வாங்கிய வாய் அது. தட்டுக்கு விற்றீர்கள், ஆடிட்டுக்கு விற்றீர்கள், நிஜமாகவே படம் எடுக்கப் போகிறவள் வந்து நிற்கும்போது மட்டும் சோப்பு டப்பாவா என்று கேட்டுவிட்டேன். மெதுவாகக் கேட்கவில்லை. கீழே மிக்சி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். "நெலம் வெச்சிருக்கிறவருக்கு சின்னது, கம்பெனி பொண்ணுக்கு பெருசா? தலைகீழா கீது உன் வியாபாரம். நாளைக்கு கீழ வந்துடு" என்றார் முதலாளி.

எஸ்தர் வாங்கத்தான் வந்திருந்தாள், பெரியதையே வாங்கினாள். முதலாளி பக்கம் திரும்பவும் இல்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கேமராவைப் பெட்டியில் வைத்து, இந்த வார் எல்லாம் வெறும் பந்தா, கையில் பிடித்து எடுத்தால்தான் படம் நன்றாக வரும் என்று சொல்லி, அதைச் சுருட்டிப் பெட்டியின் அடியில் திணிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்த உள்ள வெக்காதீங்கக்கா. போனு வெச்சிக்கினு மேடைகிட்ட போனா, ஓரமா போமான்றாங்க. இது கழுத்துல இருந்தா வழி வுடுவாங்க."

கீழ்த்தளம்

இப்போது நான் மிக்சியில் இருக்கிறேன். அந்தக் கல்யாணம் முடிந்து எஸ்தர் ஒரு நாள் படங்களோடு வந்தாள். ஒரு படத்தில் மாலையை மாற்றுகிறபோது மணப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள், உதட்டோரம் துடிப்பது வரைக்கும் தெரிகிறது. மேடை மேல் ஏறி, மாப்பிள்ளைக்கு ஒரு கை தூரத்தில் நின்றால்தான் அப்படி ஒரு படம் எடுக்க முடியும். யாரும் அவளை ஓரமாகப் போகச் சொல்லவில்லையாம். நான் வாரை எவ்வளவு திட்டியிருப்பேன். இப்போதும் திட்டுகிறேன், ஆனால் வாரை அல்ல, அதைப் பார்த்தால்தான் ஒரு பெண்ணுக்கு வழிவிடுகிறவர்களை. அந்தப் படத்தை அவளிடம் கேட்டு வாங்கி, பெரியதாக அச்சடித்து, கண்ணாடி அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறார் முதலாளி. பெரிய கேமரா வாங்க வருகிறவர்களிடம் அதைக் காட்டி என்ன சொல்கிறார் என்பதைப் பாஸ்கர் வந்து அப்படியே ஒப்பித்தான்: "நம்ம கஸ்டமர் எடுத்ததுதான் சார். சின்னது கேட்டு வந்த பொண்ணு, நான்தான் பெருசு எடுத்துக்கோன்னு சொன்னேன்."

அதைக் கேட்டுவிட்டு நான் நின்றுகொண்டிருந்தபோது புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் மிக்சி பார்க்க வந்தார்கள். என்னம்மா அரைப்பீர்கள் என்று கேட்டேன். காலையில் சட்னி, வேறு ஒன்றுமில்லை என்றாள் அந்தப் பெண். அப்படியானால் ரெண்டு ஜாரே போதும் என்று வாய் முந்திக்கொண்டது. அந்த ஆள் ஜார்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு ஜார் இருந்தாத்தாம்மா ஊட்டுக்கு வர்றவங்க கண்ணுல படும்."

முதலாளி அடுத்து என்னை எங்கே மாற்றுவார் என்று தெரியவில்லை, கீழே மிச்சமிருப்பது கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும்தான், பாருங்கள், இரண்டிலும் பெரியது, சின்னது இருக்கிறது.