பதினேழாவது படத்தில் இருந்த கதவு

பேய், பிசாசு, சாமி வந்து ஆடுவது எதையும் நான் நம்பியவள் இல்லை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான், மற்றவர்கள் எல்லாம் கைநாட்டு. நைனார்பாளையத்தில் அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதபடியே அப்பா என்னை டீச்சர் டிரெயினிங் வரைக்கும் படிக்க வைத்தார். அப்படிப் படித்தவள் போய் இந்த மாதிரிக் கதை எழுதலாமா என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கல்வராயன் மலையில் கரியாலூருக்குக் கொஞ்சம் தள்ளி, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு மிஷன் விடுதி, அங்கேதான் எனக்கு முதல் வேலை. விடுதியை நடத்தியவர் ஒரு வயதான கன்னியாஸ்திரீ, எல்லோரும் மதர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அலமாரியில் ஒரு புத்தகம் இருந்தது. எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். காகிதம் இல்லை, ஆட்டுத்தோல். மரப்பலகையில் அட்டை, அதைப் போட்டு வைக்க வார் வைத்த ஒரு தோல் பை. திறந்தால் சாம்பிராணியும் அடுப்புப் புகையும் கலந்த வாசனை வரும். கறுப்பும் சிவப்புமாக எழுத்து, எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. மாதா செய்த அற்புதங்கள் என்று வாத்தியார் சொன்னாராம். நடுநடுவே படங்கள், எல்லோருக்கும் முட்டை முட்டையாகக் கண்கள்.

அந்தப் புத்தகத்தை பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன் எந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றார் மதர். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், அதனால் என்னிடம் கொடுத்தார். அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்களை நேர்முகமாக இரண்டு கண்ணோடு வரைவார்களாம், கெட்டவர்களைப் பக்கவாட்டில் ஒற்றைக் கண்ணோடு வரைவார்களாம், அதையும் குறித்துக்கொள் என்றார். என் பஸ் பாஸ் போட்டோவில் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறேன், அப்படியானால் நான் கெட்டவள்தான் மதர் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பதினேழாவது படத்துக்கு நான் எழுதியது இன்றைக்கும் வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. ‘ஒரு வீடு. கதவு மூடியிருக்கிறது. வெளியே நீல முக்காடு போட்ட பெண், ஓர் ஆளுக்குக் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். முகங்கள் இரண்டு. இருவருக்கும் இரு கண்கள்.’ மதர் படத்தையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து, ஒவ்வொரு வரிக்கும் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டார்.

அது இடஒதுக்கீடு கேட்டு மரத்தை வெட்டி ரோட்டில் போட்ட வருஷம். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் இல்லை, பால் இல்லை, தபால் இல்லை. பிள்ளைகளை முன்னாடியே ஊருக்கு அனுப்பிவிட்டோம். ஜீப்பை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு இரண்டு போலீஸ்காரர்கள் நடந்தே மேலே வந்தார்கள். கீழேயிருந்து ஓடிவருகிற எவனையாவது உள்ளே விட்டால் உங்கள் பேரிலும் கேஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வேலை நிரந்தரமாகும் உத்தரவு அந்த மாதம்தான் வர வேண்டும். போலீஸ் கேஸில் என் பேர் வந்தால் எல்லாம் போச்சு, மறுபடி களைவெட்டுக்குத்தான் போக வேண்டும்.

மறுநாள் பக்கத்துக் குடிசைகளில் ஒரு பிரசவம் என்று மதர் போய்விட்டார். யார் தட்டினாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தனியாக இருந்தேன், நல்ல உச்சிவெயில் நேரம். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“கலெக்டரம்மா, உள்ள நீதான கீற. நான் ஏழுமல.”

ஏழுமலை மாமா எங்கள் தெருக்காரர், ஆயில் எஞ்சின் ரிப்பேர் செய்வார். சொந்தம் கிடையாது. பத்தாவது பரீட்சைக்கு என்னைத் தினமும் சைக்கிளில் வைத்துச் சின்னசேலத்துக்கு மிதித்தவர். என்னைக் கிண்டல் செய்யத்தான் கலெக்டரம்மா என்று பேர் வைத்தார், ஊரே பிறகு அப்படிக் கூப்பிட்டது.

“மரம் வெட்டுன எடத்துல என்னியும் பாத்துட்டானுங்க. வடக்கனந்தல்லேர்ந்து காட்டு வழியா ஏறி வரேன், காலைலேர்ந்து தண்ணி இல்ல. ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடு, நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்.”

கதவுப் பலகையில் ஒரு விரல் அளவு விரிசல் உண்டு, அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்து, காலில் ரத்தத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ப்பானை என் முழங்கையை இடித்துக்கொண்டு இருந்தது. ஒரு சொம்புதானே, திறந்திருக்கலாம். பிடிபட்டு என் பேரைச் சொல்லிவிட்டால் என்று மட்டும்தான் என் மூளை கணக்குப் போட்டது.

கொஞ்ச நேரத்தில் அவர் பக்கத்தில் யாரையோ பார்க்கிற மாதிரி தலையை நிமிர்த்தினார். இரண்டு கையையும் சேர்த்து வாய்க்குக் கீழே ஏந்தினார். விரிசலில் எனக்கு அவர் மட்டும்தான் தெரிந்தார். பார்க்க முடியாமல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் கேட்டது, நம்பினால் நம்புங்கள், கையில் தண்ணீர் ஊற்றும் சத்தம், பிறகு மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். என் பானை மூடி போட்டபடி என் பக்கத்திலேயே இருந்தது.

ரொம்ப நேரம் கழித்துத் திறந்தேன். யாரும் இல்லை. படி நனைந்திருந்தது.

சாயங்காலம் மதர் வந்ததும் புத்தகத்தைக் கட்டி வைக்க உட்கார்ந்தோம். கட்டுவதற்கு முன் ஒருமுறை பட்டியலோடு பார்த்துவிடுவோம் என்றார். நான் வாசிக்க வாசிக்க அவர் ஏட்டைப் புரட்டினார். பதினேழு, முகங்கள் இரண்டு என்று வாசித்தேன். அவர் விரல் படத்தில் நின்றது.

“மூணு இருக்கேம்மா.”

எட்டிப் பார்த்தேன். நீல முக்காடு, குடம், தண்ணீர் குடிக்கும் ஆள், எல்லாம் அப்படியே இருந்தது. கதவு மட்டும் கொஞ்சம் விலகி, அந்தச் சந்தில் பக்கவாட்டாக ஒரு பெண் முகம். ஒற்றைக் கண். சாயம் மற்ற சாயத்தைப் போலவே பழசாகி, அங்கங்கே உதிர்ந்து இருந்தது. பட்டியலில் அவருடைய சிவப்பு டிக் இருந்தது. மதர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பையில் போட்டு வாரை இறுக்கினார். அந்த வாரமே ரோடு திறந்தது, புத்தகம் போய்விட்டது. வேலை நிரந்தரமும் ஆனது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஏழுமலை மாமா வீட்டுக்கு வந்தார். பிடிபடாமல் தப்பித்து, கேஸ் எல்லாம் அடங்கிய பிறகு திரும்பியிருந்தார். அப்பா அம்மா முன்னாலேயே என்னைக் கும்பிட்டார்.

“ஒம்பொண்ணு இல்லன்னா அன்னிக்கே நான் செத்திருப்பேன். ஒரு வார்த்த பேசல. நீலச் சேலைய முக்காடு போட்டுக்கினு, நான் போதும் போதும்னு சொல்ற வரைக்கும் ஊத்துனா.”

என்னிடம் நீலச் சேலை கிடையாது. அம்மா என் தலையைத் தடவினார், அப்பா எழுந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. மாமா போகும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமா, கதவுக்குப் பின்னால ஒரு பொண்ணு நின்னுக்கினு இருந்துச்சே, அது யாரு? நீ ஊத்தறத சந்து வழியா பாத்துக்கினே இருந்துச்சு. ஒத்தக் கண்ணுதான் தெரிஞ்சுது. இன்னாத்துக்கோ பயந்துக்கினு இருந்தாப்ல இருந்துச்சு.”

கூட வேலை செய்கிற பெண் என்று சொல்லிவிட்டேன்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போதும் நான் ஊருக்குப் போனால் மாமா வந்துவிடுவார், டீ குடிப்பார், கலெக்டரம்மா என்று கிண்டல் செய்வார், கிளம்பும்போது மறக்காமல் கேட்பார்.

“அந்தப் பொண்ணு எப்டி கீது?”

“நல்லாருக்குது மாமா” என்று சொல்வேன். சொல்லும்போது அவரை நேராகப் பார்க்க முடிவதில்லை, முகம் தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறது.